மினிட்ஸ் நோட்டில் இல்லாதவை

எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தின் மினிட்ஸ் நோட்டு என் வீட்டுப் பரணில் இருக்கிறது. இருநூறு பக்க நோட்டு, கெட்டி அட்டை, முதல் பக்கத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள். செயலாளர் என்ற முறையில் அதில் உள்ள அத்தனை வரியும் நான் எழுதியது. போன பொங்கலுக்குப் பரணைத் துடைக்க ஏறியவன் அங்கேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன். படிக்கப் படிக்க, இப்படி ஒரு மன்றம் நம் காலத்தில் இல்லாமல் போய்விட்டதே என்று ஏக்கமாகிவிட்டது.

'கோடை முகாம் பத்து நாள்களும் சிறப்புற நடைபெற்றது.' 'ஐம்பது மரக்கன்றுகள் நடப்பட்டன.' 'விண்மீன்கள் பற்றிய மாணவர்களின் ஐயங்கள் தீர்த்துவைக்கப்பட்டன.' 'மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டியில் முதல் பரிசு உரியவருக்கு வழங்கப்பட்டது.' நட்டது உண்மை. வழங்கியது உண்மை. செயப்பாட்டு வினை என்று ஒன்று தமிழில் இருக்கிறவரை எந்தச் செயலாளருக்கும் பயமில்லை. 'நடப்பட்டன' என்று எழுதிவிட்டால் யார் நட்டான், எந்த மாசத்தில் நட்டான், பிறகு என்ன ஆச்சு என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

முப்பது வருஷமாக யாரும் கேட்காததால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்மாய், ஓர் ஊருணி, சுற்றிலும் தைலமரக் காடும் முந்திரியும். ஒரு நாளைக்கு நான்கு நடை டவுன் பஸ். நான்காவது நடை வராது. 1994-ல் நான் விலங்கியலில் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊரைத் திருத்துவது பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த வியாதி எனக்கு வந்ததற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தையே கலக்கிய அறிவொளி இயக்கம். ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் எழுத்துக் கற்றுக்கொடுக்கப் போன ஆயிரக்கணக்கான தொண்டர்களில் நானும் ஒருவன். என் வகுப்பில் இருந்த பதினான்கு பெண்களில் ஒருவர் என் சொந்த அத்தை. இரண்டாவது, கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டான 1969-ல் தொடங்கிய திட்டம் அது. நல்ல நோக்கமுள்ள திட்டம்தான். நான்தான் அதிலிருந்து விசில் ஊதுவதை மட்டும் கற்றுக்கொண்டு வந்தேன். பத்து நாள் முகாமில் விசில் ஊதினால் நூறு பேர் எழுந்து மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தவனுக்குத் தலைமைப் பண்பு என்றாலே விசில்தான் என்று பட்டுவிட்டது.

மன்றம் தொடங்கியதற்கு உண்மையான காரணம் இது எதுவும் இல்லை. 1972-ல் ஆரம்பித்த நேரு யுவ கேந்திரா ஊர் ஊராக இளைஞர் மன்றங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. சேர்ந்தால் விளையாட்டுச் சாமான் கிடைக்கும் என்று கேள்விப்பட்ட அன்று மாலையே எங்களுக்குச் சமூக உணர்வு வந்துவிட்டது. 1975-ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் சங்கம். நாங்கள் ஆறு பேர்தான் இருந்தோம். ஏழாவதாக டீக்கடை அண்ணனைச் சேர்த்தோம். அவரிடம் இருந்த பாக்கியும் அந்தச் சாக்கில் கொஞ்ச நாள் தள்ளிப்போயிற்று. வருஷா வருஷம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதைப் பதிவு எண்ணைப் போர்டில் எழுதிய பிறகு கேள்விப்பட்டோம். அதற்குள் போர்டு காய்ந்துவிட்டது.

2014-ல் வந்த தேசிய இளைஞர் கொள்கை 15 வயதிலிருந்து 29 வரைதான் இளைஞர் என்கிறது. நல்லவேளை, அது எங்கள் காலத்தில் வரவில்லை. எங்கள் தலைவருக்கு அப்போதே 36. அவருடைய மூத்த மகள் ஆறாம் வகுப்பு.

கிடைத்த சாமானில் ஒரு வாலிபால், ஒரு நெட். பந்து முதல் நாள் மூன்றாவது சர்வீசிலேயே சீமைக்கருவேலைப் புதருக்குள் போய், வெளியே வரும்போது வடகம் மாதிரி வந்தது. சர்வீஸ் போட்டவன் நான். சைக்கிள் கடையில் ஒட்டினார்கள். மறுநாள் இன்னொரு முள். அதன்பிறகு ஒரு மாசம் நெட் மட்டும் கட்டியிருந்தது. பந்தில்லாத வாலிபால் மைதானம் தமிழ்நாட்டில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டு தரம் வெள்ளாடு கொம்பை மாட்டிக்கொண்டு கத்தியதும், 'பத்திரமாக இருக்கட்டும்' என்று நெட்டை அவிழ்த்து என் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

விளையாட்டு இப்படி ஆனதும்தான் 1995 மே மாசம் கோடை முகாம் என்று தீர்மானம் போட்டோம். ஏகமனதாக. கூட்டத்துக்கு மூன்று பேர் வந்திருந்தோம்.

நிகழ்ச்சி நிரலை நான்தான் எழுதினேன். இன்றைக்கும் அதைப் பார்த்தால் பெருமையாக இருக்கிறது. காலை 6 மணி யோகா. 7 மணி ஊர் சுத்தம். 9 மணி ஓவியம். 10 மணி ஆளுமைப் பயிற்சி. மாலை விளையாட்டு, இரவு வான் நோக்கல். பத்து நாளும் இப்படியே. கோடு போட்டு, கட்டம் கட்டி, பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினேன். நாற்பது பிள்ளைகள் பேர் கொடுத்தார்கள்.

முதல் நாள் காலை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு 6 மணி என்றால் அரைநாள் போன மாதிரி என்பது கட்டம் கட்டும்போது எனக்குத் தோன்றவில்லை. அந்நேரத்துக்குள் அவர்கள் சாணி அள்ளி, தண்ணி தூக்கி, மாட்டை அவிழ்த்துக் கட்டி முடித்திருப்பார்கள். ஐந்தரைக்கே நாற்பதும் பள்ளிக்கூட வாசலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. 6 மணி ஆயிற்று. ஆறேகால் ஆயிற்று. ஆறரைக்கு மொத்தக் கூட்டமும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. நான் திண்ணையில் போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். அப்பத்தா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தது.

"அப்பத்தா, அண்ணே யோகா சொல்லித் தர்றேன்னுச்சு."

"அவன் அதைத்தான்டா பண்ணிக்கிட்டு இருக்கான். பாத்துக் கத்துக்கங்க."

போர்வைக்குள் எனக்கு முழிப்பு வந்துவிட்டது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணைத் திறப்பது எப்படி? கொஞ்ச நேரம் இப்படியே இருந்தால் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. அப்பத்தா சொன்னதை நம்பிச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் ஒரு பொடியன் என் கால் பெருவிரலைப் பிடித்து அசைத்து, "அண்ணே, அடுத்த ஆசனம் எப்ப?" என்றான். மறுநாளிலிருந்து யோகா 7 மணிக்கு மாறியது. 'பங்கேற்பாளர்களின் வசதி கருதி' என்று மினிட்ஸில் எழுதியிருக்கிறேன்.

மரம் நட்டதை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. கன்று வாங்கப் போன இடத்தில், "இப்பவா நடப் போறீங்க? அக்கினி நட்சத்திரத்துலயா?" என்று கேட்டார்கள். "விழா இப்பத்தானே இருக்கு" என்றேன். பேசாமல் எண்ணிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைக்கு ஒரு கன்று, தினம் ஒரு சொம்புத் தண்ணீர் என்பது திட்டம். மூன்றாம் நாள் தாய்மார்கள் சொம்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஊருணியில் குடிக்கிற தண்ணீரே குடத்துக்கு ஒரு கிண்ணம் சேறு வந்துகொண்டிருந்த நேரம் அது. மிச்சத்தை ஆடு பார்த்துக்கொண்டது. அடுத்த வருஷமும் நட்டோம், அதற்கடுத்த வருஷமும் நட்டோம். மூன்று வருஷத்துப் போட்டோவையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் குழி ஒன்றேதான். என் சட்டைதான் மாறியிருக்கிறது. ஐம்பதில் ஒரு வேம்பு தப்பியது. அது நாங்கள் நட்டதா, காக்கா போட்ட விதையா என்பதில் எனக்கும் தலைவருக்கும் இன்றுவரை தகராறு.

நட்சத்திரக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. ஒளியும் ஒளியும் முடிந்து பஞ்சாயத்து டிவி அறையைப் பூட்டிய பிறகுதான் பிள்ளைகள் கண்மாய்க்கரைக்கு வந்தார்கள். மின்சாரமும் போயிருந்தது, வானம் அள்ளிக் கொட்டிய மாதிரி இருந்தது. மே மாசத்தில் அந்நேரம் வடக்கே சப்தரிஷி மண்டலம் நன்றாக மேலே ஏறி நிற்கும். அதைச் சரியாகவே காட்டினேன். ஏழையும் எண்ணவைத்தேன். அடுத்து துருவ நட்சத்திரம். முதல் நாள் ராத்திரி புத்தகத்தில் படித்ததுதான்: சப்தரிஷியின் முன்பக்கத்து இரண்டு நட்சத்திரங்களைக் கோடாகச் சேர்த்து நீட்டினால் துருவ நட்சத்திரம் வரும். நான் வாலைப் பிடித்து நீட்டினேன். வால் வளைந்து போகிற போக்கில் கிழக்கே, உச்சிக்குப் பக்கமாக, ஒரு நட்சத்திரம் ஆரஞ்சு நிறத்தில் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. இவ்வளவு பேரும் புகழும் உள்ள நட்சத்திரம் இதைவிடச் சின்னதாக இருக்க நியாயமில்லை என்று தோன்றியது. "அதுதான்" என்றேன். "எல்லா நட்சத்திரமும் நகரும். அது மட்டும் நகராது. கப்பல்காரர்கள் அதை வைத்துத்தான் திசை கண்டுபிடித்தார்கள்." கிழக்கே கையைக் காட்டிக்கொண்டு வடக்கைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசினேன்.

மறுநாள் ஓவிய வகுப்பில் எட்டு வயதுப் பெண் பிள்ளை ஒன்று எழுந்து நின்றது.

"அண்ணே, உங்க துருவ நட்சத்திரம் நகந்துருச்சு."

"எப்படிச் சொல்றே?"

"ஒண்ணுக்குப் போக எந்திரிச்சேன். பாத்தா மேக்க, எங்க வீட்டு முருங்கைக்கு மேல நிக்கிது. சாயங்காலம் கிழக்கதானே காட்டுனீங்க?"

"தூக்கக் கலக்கத்துல வேற எதையாச்சும் பாத்திருப்பே."

"இல்லண்ணே. செவப்பா இருந்துச்சு. அதேதான்."

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. வானத்தை ஒழுங்காகப் பார்த்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான் என்று எனக்கு உள்ளே தெரிந்துவிட்டது. வாய் மட்டும், "படத்துக்குக் கலர் அடிச்சியா? முதல்ல அதை முடி" என்றது.

அது சுவாதி நட்சத்திரம் என்பது எனக்கு இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது. துருவ நட்சத்திரம் எங்கள் ஊருக்கு அடிவானத்திலிருந்து பத்து டிகிரி உயரத்தில்தான் இருக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அந்த ஒரு முஷ்டி உயரம். மங்கலாக வேறு இருக்கும். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அது மடைப் புளியமரத்துக்குப் பின்னால். எத்தனை ராத்திரி நின்றிருந்தாலும் தெரிந்திருக்காது. அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகி, சென்னையில் வங்கி வேலை. திருவிழாவுக்கு வந்தால், "நல்லாருக்கீங்களாண்ணே" என்று நின்று கேட்கும். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். ஆட்டோ வந்துவிடுகிறது.

ஆறாம் நாள்தான் பெரிய விபத்து. நகரத்திலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரை ஆளுமைப் பயிற்சிக்கு அழைத்திருந்தேன். முதல் நாள் சாயங்காலம் ஊரில் தண்டோரா போட்டுவிட்டார்கள்: விடிந்தால் அழிகண்மாய். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் இறங்கி மீன் பிடிக்கலாம். சாதி, ஊர் என்று பார்ப்பதில்லை, காசும் இல்லை. பத்துப் பதினைந்து ஊர் சனம் ஊத்தா, கச்சா, கொசுவலை, சேலை என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு விடிவதற்குமுன்பே கரையில் வந்து நிற்கும். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு, மடைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். வீசிய மறு நொடி அத்தனை பேரும் உள்ளே. அதுவரை ஒரு கால் தண்ணீரில் படக்கூடாது. பட்டால் மழை பெய்யாது என்பது நம்பிக்கை.

வாத்தியார் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்தில் ஈ, காக்கை இல்லை. நாற்பது பேரும் கண்மாய்க்கரையில். எனக்கு ஒரே அவமானம். அவரையும் கூட்டிக்கொண்டு கரைக்கு ஓடினேன். ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சத்தமே இல்லை. பெரியவர் மடைமேல் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார், துண்டு இன்னும் தோளில். கூட்டத்துக்குள் என் முகாம் பிள்ளைகளின் தலை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தது. தலைமைப் பண்பு விழித்துக்கொண்டது. கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து, என் உயிரில் உள்ள காற்றையெல்லாம் சேர்த்து ஊதினேன்.

ஆயிரம் பேரும் இறங்கிவிட்டார்கள்.

பெரியவர் கண்ணைத் திறந்து பார்த்தபோது கண்மாய் குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வீசுவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நின்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினார். அந்த ஒரு நிமிஷத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. எண்பது வயசு மனுஷன். வருஷத்தில் அவருக்கென்று இருந்த வேலை அது ஒன்றுதான்.

பக்கத்தில் திரும்பினால் வாத்தியாரைக் காணோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கரையில் விட்டுவிட்டு இறங்கியிருந்தார். "தம்பி, உபரியா ஊத்தா ஒண்ணு கெடைக்குமா?" என்று தண்ணீரிலிருந்து குரல் வந்தது.

அவருக்குத் துணை என்ற பேரில் நானும் இறங்கினேன். ஊத்தா என்பது அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடை. சேற்றில் படக்கென்று குத்தி அழுத்திவிட்டு, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். மீன் இருந்தால் கையில் இடிக்கும். நான் குத்திய நாலாவது குத்தில் இடித்தது. ஆவலாக இறுக்கிப் பிடித்தேன். உள்ளங்கையில் தேள் கொட்டிய மாதிரி ஒரு வலி. கெளுத்தி. முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒரு முள் என்று மூன்று முள் அதற்கு. மிஸ்டஸ் என்று அதன் லத்தீன் பெயரை எழுதி, மூன்று முள்ளையும் படம் போட்டு, பாகம் குறித்து, பல்கலைக்கழகத் தேர்வில் மார்க் வாங்கியவன் நான். "எப்பே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்த முகாம் பொடியன் வந்து என் ஊத்தாவுக்குள் கையை விட்டான். இரண்டு விரலை முள்ளுக்குப் பின்னால் கொடுத்து, பூப் பறிக்கிற மாதிரி அதைத் தூக்கினான். "இப்படிப் புடிக்கணும்ணே, கெளுத்திய." அவனே பனைநாரில் கோத்து என் கழுத்தில் மாட்டிவிட்டான், விசிலுக்குப் பக்கத்தில்.

வாத்தியார் இரண்டு விராலும் ஒரு சட்டி கெண்டையும் பிடித்தார். பதினோரு மணி பஸ்ஸில் ஈர வேட்டியோடு ஏறும்போது, "அருமையான முகாம் தம்பி, அடுத்த வருஷமும் கூப்பிடுங்க" என்றார். நோட்டில் அவருடைய பாராட்டு அப்படியே பதிவாகியிருக்கிறது. அன்று ராத்திரி ஊர்க்கூட்டம் போட்டு, பெரியவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், கோயிலுக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்று எனக்கு விதித்தது பதிவாகவில்லை. அதன்பிறகு பல வருஷம், ஐப்பசியில் மழை ஒரு வாரம் தள்ளிப்போனாலும் ஊரில் நாலு பேர் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒழுங்கு வேண்டும் என்று வருகைப் பதிவேடு போட்டதும் நான்தான். மூன்று நாளுக்குமேல் வராதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது என்று சட்டம். ஏழாம் நாள் பார்த்தால் நாற்பதில் பதினேழு பேர்தான். ஊர்ப் பிள்ளைகளுக்கு அக்கறையில்லை, பெற்றோருக்கு விழிப்புணர்வில்லை என்று தலைவரிடம் பொரிந்து தள்ளினேன். நேரத்தின் அருமை பற்றி வந்திருந்த பதினேழு பேருக்கும் முக்கால் மணி நேரம் பேசினேன். வந்தவனைத் திட்டுவதுதானே நம் வழக்கம்.

ஏப்ரல், மே மாசம் எங்கள் பக்கம் முந்திரிக் காலம் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆதனக்கோட்டை பக்கம் ரோட்டோரத்தில் வறுத்து உடைத்து விற்கிறார்களே, அந்த மாதிரி முந்திரிதான். பழம் உதிர உதிர விடியற்காலையிலேயே பொறுக்கியாக வேண்டும். விட்டால் ஆடு தின்றுவிடும், திருடன் அள்ளிவிடுவான். பழத்தைத் திருகிக் கொட்டையைத் தனியாகக் கழற்ற வேண்டும். அதற்குச் சின்னக் கைதான் தோது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தால் நோட்டு வாங்கப் பிள்ளைகளுக்கு அந்தக் காசுதான். முகாமுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகளின் விரல் நுனி எல்லாம் கறுத்து, தோல் உரிந்து இருந்ததை நான் ஓவிய வகுப்பில் தினமும் பார்த்தேன். கொட்டையின் பால் பட்டால் அப்படித்தான் உரியும். 'கையைக் கழுவிட்டு வந்து உக்காரு' என்று எத்தனை பேரை எழுப்பி அனுப்பியிருக்கிறேன்!

கடைசி நாள் விழா. சான்றிதழ் அச்சடித்து வந்திருந்தது. புரூஃப் பார்த்தவன் நான். 'கொடை முகாம்' என்று நாற்பதிலும் ஒரே மாதிரி, ஒற்றைக் கொம்போடு அச்சாகியிருந்தது. யார் என்ன கொடை கொடுத்தார்கள் என்று ஒரு பெரியப்பா மேடையிலேயே கேட்டுவிட்டார்.

மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டிக்கு ஆறு பேர் பேர் கொடுத்திருந்தோம். ஆறு பேரும் மன்றத்து ஆட்கள். கோடு கிழித்து நிற்கும்போது அத்தை கூட்டத்திலிருந்து வந்தார்.

"ஏம்ப்பா தம்பி, பொம்பளைங்க ஓட்டக் கூடாதுன்னு இருக்கா?"

அப்படி எங்கும் எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அறிவொளி நாளில் மாவட்டம் முழுக்கப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்பது ஊரறிந்த கதை. அத்தைக்குப் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியவனே நான்தான். பார் வைத்த ஆம்பளை சைக்கிள். பாரில் பிள்ளை, கேரியரில் குடம். நான்கு வருஷமாக அப்படி ஓட்டி, தண்ணீர் அலம்பாமல் மேட்டில் ஏற்றிப் பழகிய கை. விசில் ஊதினேன். ஐந்து பேர் பாதித் தூரத்துக்குள் காலை ஊன்றிவிட்டார்கள். தலைவர் முள்வேலியில் போய் உட்கார்ந்தார். அத்தை மட்டும் சேலையைச் செருகிக்கொண்டு, யாரோடோ பேசிக்கொண்டே போகிற மாதிரி, அங்குலம் அங்குலமாக வந்துகொண்டிருந்தார். வந்துகொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் கூட்டம் பொறுமையிழந்து டீக்கடைக்குப் போய்த் திரும்பியது.

முதல் பரிசு ஷேவிங் செட். பிரஷ், ரேஸர், சின்னக் கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஜெயிக்கப்போவது ஆம்பளைதான் என்பதில் எனக்கு அவ்வளவு நிச்சயம். மைக்கில் அறிவித்துவிட்டேன், மாற்றவும் வழியில்லை. அத்தை மேடையேறி வாங்கினார். திறந்து பார்த்தார். "உங்க மாமாவுக்கு மீசை மட்டுந்தானடா இருக்கு" என்றார், மைக் பக்கத்தில் இருப்பது தெரியாமல். மீசை, ஷேவிங் இரண்டும் பற்றிய விளக்கம் ஊரில் ஒரு வாரம் ஓடியது. கண்ணாடியை மட்டும் அத்தை சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டிப் பொட்டு வைக்கப் பயன்படுத்தினார். ரொம்ப நாள் இருந்தது.

விழா முடிந்து நாற்காலியை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பதிவேட்டில் நான் அடித்த பெயர்களில் ஒன்று எதிரே வந்து நின்றது. கெளுத்தி பிடித்துக் கொடுத்த அதே பொடியன். கடைசி நாலு நாள் வரவில்லை. டவுசர் பையிலிருந்து ஒரு பிடி வறுத்த முந்திரிப் பருப்பை எடுத்து நீட்டினான். பையின் நூலும் மண்ணும் ஒட்டியிருந்தது. "அண்ணே, ஒங்களுக்கு." வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். நன்றாக இருந்தது. மென்றுகொண்டே அவனுக்குச் சான்றிதழ் இல்லை என்று சொன்னேன். "பரவால்லண்ணே" என்று ஓடிவிட்டான். பதிவேட்டின்படி நான் எழுந்த நேரத்தைக் கணக்குப் பார்த்திருந்தால் எனக்கும் சான்றிதழ் கிடைத்திருக்காது. மிஞ்சிய இருபத்திரண்டு சான்றிதழும் நோட்டுக்குள்ளேயே இருக்கின்றன. பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக.

கணக்கு வழக்கில் ஒன்று பாக்கி. 'எழுதுபொருள் ரூ. 12' என்று ஒரு வரி வருகிறது. புரூஃப் பார்க்க டவுனுக்குப் போன அன்று பஸ் ஸ்டாண்டு எதிரில் சாப்பிட்ட நாலு பரோட்டாவும் ஒரு ஆம்லெட்டும்தான் அது. பசி மயக்கம் தீர்ந்த பிறகு புரூஃபைப் பார்த்திருந்தால் அந்த இரட்டைக் கொம்பை விட்டிருக்க மாட்டேனோ என்னவோ. பொருளாளர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். இன்னொரு பிளேட் அவர் சாப்பிட்டது.

மன்றம் 1998-க்குப் பிறகு கூடவில்லை. திருப்பூருக்கு மூன்று பேர், சிங்கப்பூருக்கு ஒருவர் என்று போய்விட்டார்கள். இப்போது ஊரில் புதுப் பிள்ளைகள் வேறொரு மன்றம் வைத்திருக்கிறார்கள். போன மே மாசம் முகாம் நடத்தி என்னைத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். காலை 7 மணிக்கு விழா. ஏழேமுக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்தப் பிள்ளைகள் சமீபத்தில் வாலிபால் வாங்கியிருப்பதாகக் கேள்வி. நெட்டுக்குக் காசு சேர்க்கிறார்களாம். தம்பிகளா, காசை வீணாக்க வேண்டாம். பழைய மன்றத்து நெட் பத்திரமாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கொல்லையில் பத்து வருஷமாக அவரைக்கொடி அதில்தான் ஏறுகிறது. நாலைந்து இடத்தில் கம்பி போட்டு முடிந்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வந்து அவிழ்த்துக்கொள்ளலாம். தை மாசம் வந்தால் காயும் பறித்துக்கொண்டு போகலாம்.